சாவியோடு நிற்கும் வண்டி

“வண்டி என்ற பேர்லதான் இருக்குது. என்ற ஊட்டு வாசல்ல அது நின்னு நான் பாத்ததே இல்லீங்க.”

பங்காரம்மா இதைச் சொல்லாத நாள் கிடையாது. பல் விளக்குவது மாதிரி, காலையில் ஒரு தடவை சொல்லியாக வேண்டும். கிரைண்டர் கல்லைத் தூக்கி வைத்து, மாவை வழித்து, போசிகளில் ஊற்றி மூடி, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் டிவிஎஸ் ஃபிப்டி இருக்காது. எண்ணெய் சொட்டிய கறை மட்டும் மண்ணில் இருக்கும். போசிகளைக் கீழே வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். கத்தி முடிக்கிற நேரத்துக்கு எவராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, “கோவிச்சுக்காதீங்கக்கா, பால் வாங்கப் போனேனுங்க” என்று நிறுத்துவார். ஹேண்டில்பாரில் ஒரு கொத்து கறிவேப்பிலையோ நாலு முருங்கைக்காயோ தொங்கும்.

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறி, மூடிப்போன மில் ஒன்றின் காம்பவுண்டு சுவர் முடிகிற இடத்தில் இறங்கினால் அந்தத் தெரு. பங்காரம்மாவின் வீட்டுக்காரர் கோவிந்தராஜுலு அந்த மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். மில் மூடியதும் அவர் பேப்பர் படிக்க உட்கார்ந்தார். பங்காரம்மா மாவு ஆட்ட உட்கார்ந்தார். பக்கத்து மெஸ்களுக்கும், வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்கும் இட்லி மாவு கொடுப்பதுதான் குடும்பத்தின் வருமானம். வண்டி அதற்காக வாங்கியது. கோவிந்தராஜுலுவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளச் சொன்னால் இடுப்பு வலி என்பார். பேப்பர் படிக்க இடுப்பு வலிக்காது.

அப்படியானால் சாவியைக் கழற்றி உள்ளே மாட்டிவிட வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். பங்காரம்மாவுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் சாவி உள்ளே இருந்தால், வருகிறவர் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். கேட்பவருக்குக் கூச்சம். இல்லையென்று சொல்வது இவருக்குக் கூச்சம். அந்தத் தெருவில் ஒருத்தரை வாய்விட்டுக் கேட்க வைப்பது அவரை அவமானப்படுத்துகிற மாதிரி. அதனால் சாவி வண்டியிலேயே இருக்கும். தேவைப்பட்டவர் எடுப்பார். திரும்பக் கொண்டுவந்து விடுவார். வாய் மட்டும் பங்காரம்மாவுடையது, வண்டி எல்லாருடையதும் என்று மளிகைக்கடை காளிச்சாமிக் கவுண்டர் சொல்லிச் சிரிப்பார். அவரும் வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கிறவர்தான்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் ஊருக்குள் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு கோயமுத்தூரில் யாரும் பழைய மாதிரி தூங்கவில்லை. ஏற்கெனவே போலீஸ் நின்றுகொண்டிருந்த இடங்களில் மணல் மூட்டைகள் ஏறின. முஸ்லிம்கள் அதிகம் இருக்கிற தெருக்களின் முனைகளில் தடுப்புக் கம்பி வைத்து, உள்ளே போகிற வண்டி, வெளியே வருகிற வண்டி எல்லாவற்றின் நம்பரையும் எழுத ஆரம்பித்தார்கள். வரிசை நீண்டது. எழுதுகிறவர் ஒரு நம்பர் எழுதுவதற்குள் நாலு வண்டி போய்விட்டது. அப்போதுதான் ஏதோ ஒரு அதிகாரிக்கு யோசனை வந்து, ஒரு முனையில் வீடியோ கேமராவை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். போலீஸிடம் கேமரா இல்லை. கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிற பாலுசாமியைக் கேமராவோடு கூட்டிவந்து விட்டார்கள்.

பாலுசாமியைப் பங்காரம்மாவுக்குத் தெரியும். மகள் பூஜிதாவின் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன். தாலி கட்டுகிற நேரத்தில் கேசட் மாற்றிக்கொண்டு நின்றவன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

“என்ன தம்பி, இங்க யாருக்குக் கல்யாணம்?”

“சும்மா இருங்கக்கா. ஸ்டேஷன்ல கூப்பிட்டு நிக்கச் சொல்லிப்போட்டாங்க. காலைல இருந்து நம்பர் பிளேட்டாப் புடிச்சுட்டிருக்கேன்.”

“மூஞ்சியப் புடிக்கறதில்லையா?”

“நம்பர் தெளிவா இருந்தாப் போதும்னுட்டாங்க. மூஞ்சியச் சேத்தி எடுத்தா நம்பர் சின்னதாப் போயிருதுங்க.”

“தாலியத்தான் உட்டுப்போட்ட. டயரையாவது உடாமப் புடி.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாலுசாமியும் சிரித்தான். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

காளிச்சாமிக் கவுண்டர் கடையில் இதைப் பற்றித் தினமும் பேச்சு. கவுண்டர் ஒரே கட்சி. “தப்புப் பண்ணாதவனுக்கு என்னுங்க? எடுத்தா எடுத்துட்டுப் போறான். நல்லதுக்குத்தான செய்யறாங்க.”

பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆன வேங்கடசாமி ஒத்துக்கொள்ள மாட்டார். “உங்களுக்கென்னுங்க கவுண்டரே, கல்லாவ உட்டு எந்திரிக்கறதே இல்லை. ஊரச் சுத்தறவனுக்குத்தான தெரியும். நான் எங்க போறேன், யாரு ஊட்ல எத்தன நேரம் உக்காந்தேன்னு என்ற சம்சாரத்துக்கே கணக்குச் சொன்னதில்லை. போலீஸ்காரனுக்கு எதுக்குச் சொல்லோணும்?”

அடுத்த வாரமே அவர் பேச்சுக்கு ஒரு சாட்சி கிடைத்தது. பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்காரரின் ஸ்கூட்டர் செவ்வாய்க்கிழமை தோறும் அந்த முனையைத் தாண்டிப் போகிறதென்று கேசட்டில் கண்டுபிடித்து, வீட்டுக்கே வந்து கேட்டார்கள். அந்த மனுஷன் சீட்டாடப் போனவர். போலீஸ் சரியென்று போய்விட்டது. சம்சாரம் விடவில்லை. கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவருக்கு அன்றைக்குச் சோறு கிடைக்கவில்லை. தெருவே ரெண்டு நாள் சிரித்தது.

மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. ஒவ்வொருத்தரும் அவரவர் வீட்டுக்குள் போய், நம் வண்டி எங்கெல்லாம் போனது என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

அதில் முதலில் அடிபட்டவர் சித்திகா. பங்காரம்மா வீட்டுக்கு எதிர்வீடு ரசாக். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். அவருடைய அக்கா சித்திகா, கேமரா வைத்த முனைக்கு உள்ளே ஒரு ஒற்றை ரூமில் இருந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். புருஷன் இறந்த பிறகு அந்த மிசின்தான் சோறு போட்டது. இந்தத் தெருப் பெண்கள் பூராவும் அவரிடம்தான் தைக்கக் கொடுப்பார்கள். கழுத்து வெட்டு அப்படி. தோளில் சுருக்கம் விழாது. தீபாவளி சமயத்தில் துணியை வாங்கவே மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

இப்போது வீட்டுக்காரர்கள் பெண்களிடம் சொன்னார்கள்: “அந்தப் பக்கம் வண்டிய எடுத்துட்டுப் போகாத. நம்பர் ஏறிரும்.” பெண்கள் போகவில்லை. யாரும் சித்திகாவோடு சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். பங்காரம்மாவும் ரெண்டு ஜாக்கெட் துணியைப் பீரோவில் வைத்துக்கொண்டு, அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேலை இல்லாமல் மிசின் மேல் துணி போட்டு மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அக்காவை ரசாக் போய்ப் பார்த்தார். “அங்க ஒருத்தரும் வரலைன்னா நீ எங்கூட்டுக்கு வந்துரு. முன்னால ரூம்ல மிசினப் போட்டுக்கலாம்” என்று சொல்லிவிட்டார். சாமான் ஏற்றி வர ஆட்டோ கூப்பிட்டால் எவனும் அந்த முனைக்குள் வரவில்லை. ரசாக் எதிர்வீட்டு வாசலுக்கு வந்து டிவிஎஸ்ஸை எடுத்தார்.

அன்றைக்குப் பூராவும் வண்டி போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு நடைக்குப் பாத்திர மூட்டை. ஒரு நடைக்குப் பெட்டி. ஒரு நடைக்கு மிசினின் இரும்புத் தலை, கீறல் விழக்கூடாதென்று சாக்கில் சுற்றி, கயிறு கட்டி. மிசினின் கால், பலகை எல்லாம் தனித்தனி நடை.

பங்காரம்மா வாசலில் நின்று கத்தினார். “ரசாக்கு, மாவு பொங்கி வழியுது. வண்டிய இன்னிக்குத் தருவியா, பக்ரீத்துக்குத் தருவியா?”

“கடைசி நடைங்கக்கா. இதோ வந்துட்டேன்.”

“இதையேதான காலைல இருந்து சொல்ற. அக்காளக் கூட்டிட்டு வரியா, ஊரையே பேத்துட்டு வரியா?”

சித்திகா பின்னால் நடந்து வந்து சேர்ந்ததும், பங்காரம்மா பீரோவைத் திறந்து அந்த ரெண்டு துணியையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். இனி எதிர்வீடுதானே. நம்பர் ஏறாது.

ஒரு வாரம் கழித்து ரெண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். டிவிஎஸ் நம்பரைப் பார்த்தார்கள், யார் வண்டி என்று கேட்டார்கள். கேரியரில் ஹாஸ்டலுக்குப் போக வேண்டிய மாவுப் போசி கட்டியிருந்தது. அதை இறக்கக்கூட விடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பங்காரம்மா கை கழுவாமல் பின்னாலேயே நடந்தார்.

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. இளவயசுக்காரர், வெளி ஜில்லாவிலிருந்து வந்தவர். கண் ரெண்டும் சிவந்திருந்தது. மேசை மேல் டிவி, டெக், பக்கத்தில் கேசட் அடுக்கு. தினமும் அதைப் பார்ப்பதுதான் வேலை போலிருக்கிறது. மனுஷன் தூங்கி எத்தனை நாளோ என்று பங்காரம்மாவுக்கே தோன்றியது.

“ஒரே நாள்ல உங்க வண்டி எத்தனை தடவை உள்ள போயி வெளிய வந்திருக்கு, தெரியுமா? ஒவ்வொரு தடவையும் மூட்டை. யார் ஓட்டுனது?”

டிவியில் படத்தை ஓடவிட்டார். பாலுசாமி சொன்னது சரிதான். நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேலே ஒரு லுங்கி, முழங்கால் வரைக்கும். பின்னால் கேரியரில் சாக்கு சுற்றிய ஏதோ ஒன்று, கனமாக, கயிறு கட்டி. இடுப்புக்கு மேல் படமே இல்லை.

பங்காரம்மா வாயைத் திறந்தார். ரசாக் என்ற பேர் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. மிசின்தான் சார் என்று சொன்னால் முடிகிற விஷயம். ஆனால் அந்தப் பேரோடு, அந்த முனைக்கு உள்ளேயிருந்து, அந்த மாதிரி ஒரு மூட்டை. போன மாசம் ரசாக்கின் பழக்கக்காரப் பையன் ஒருத்தனை, கேட்டுவிட்டு அனுப்புகிறோம் என்றுதான் கூட்டிப்போனார்கள். அவன் அம்மா இன்னும் வக்கீல் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள்.

“தெரியலீங்க சார். வண்டி வெளியில நிக்கும். யாராச்சும் எடுத்துட்டுப் போவாங்க.”

“சாவி?”

“சாவி வண்டியிலேயே இருக்குமுங்க.”

எஸ்.ஐ. அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சாவியோட வண்டியைத் தெருவுல விட்டுட்டு, யார் எடுக்கறாங்கன்னு தெரியாதுன்னு சொல்றீங்க. என்னைப் பார்த்தா எப்படி இருக்கு? யாருன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போங்க. அதுவரைக்கும் தினமும் வாங்க.”

“அந்த மாவையாவது குடுங்க சார். புளிச்சுப்போயிரும்.”

மாவை மட்டும் கொடுத்தார்கள்.

சாயங்காலம் ரசாக் வந்து வாசலில் நின்றார். “அக்கா, என்ற பேரச் சொல்லிப்போடுங்க. நான் என்ன பண்ணுனேன்? மிசின்தான கொண்டாந்தேன்.”

“மிசினுன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த டிவிக்குத் தெரியுதா? அதுல சாக்குதான் தெரியுது. நீ வாய மூடிட்டுப் போயி காயில் கட்டு. உனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்குது.”

“நானே போயிச் சொல்லிப்போடறேனுங்க.”

“போனீன்னா நான் உன்ற மூஞ்சில முழிக்க மாட்டேன். என்ற வண்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

கோவிந்தராஜுலு பேப்பரை மடித்தார். “தப்புப் பண்ணலைன்னா சொல்றதுக்கென்ன? விசாரிச்சு உட்ருவாங்க.”

“நீங்க பேப்பரப் படிங்க. விசாரிக்கறதப் பத்தி அதுல போட மாட்டாங்க.”

அதன் பிறகு பங்காரம்மா மாவைப் பஸ்ஸில் கொண்டுபோனார். கண்டக்டரோடு தினமும் சண்டை. ஒரு நாள் கூட்டத்தில் மூடி நழுவி, பொங்கிய மாவு ஒருத்தர் வேட்டி மேல் வழிந்து, அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஹாஸ்டலில் வேறு ஆளிடம் மாவு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் ஸ்டேஷன். அங்கே பெஞ்சில் உட்கார வைப்பார்கள். எஸ்.ஐ. வெளியே போயிருப்பார். வந்தாலும் ஒரே கேள்வி. பங்காரம்மாவும் ஒரே பதில். கேட்கிறவருக்கும் அலுத்துவிட்டது, சொல்கிறவருக்கும் அலுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து அரிசி ஊறப்போடும்போது கை ஓயும். கத்துவதுகூடக் குறைந்துவிட்டது. தெரு அதைக் கவனித்தது.

கவனித்ததுதான் வினையாகப் போயிற்று.

ஒரு நாள் அவர் ஸ்டேஷனுக்குப் போனபோது பெஞ்சில் இடமில்லை. காளிச்சாமிக் கவுண்டர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வேங்கடசாமி. அவருக்குப் பக்கத்தில், தன் சொந்த வீட்டுக்காரர் கோவிந்தராஜுலு, மடித்த பேப்பரோடு.

“ஏனுங்க, நீங்க இங்க என்ன பண்றீங்க?”

கோவிந்தராஜுலு தரையைப் பார்த்தார். எஸ்.ஐ.தான் பதில் சொன்னார். “வாங்கம்மா. உங்க தெருக்காரங்க ரொம்ப நல்லவங்க. காலைல இந்தப் பெரியவர் வந்து, நாந்தான் ஓட்டுனேன்னாரு. கடைக்குச் சர்க்கரை மூட்டையாம். எழுதிக்கிட்டு இருக்கும்போதே கண்டக்டர் வந்து, இல்லை, நாந்தான்னாரு. அவருக்கு ஒரு மூட்டை. ரெண்டு பேரையும் உட்கார வெச்சா, உங்க வீட்டுக்காரர் வர்றாரு. அவரும் ஓட்டுனாராம்.”

ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல் வந்திருந்தார்கள். பொம்பளை ஒருத்தி தினமும் ஸ்டேஷன் வாசல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கலந்து பேசியிருந்தால் ஒரே ஆள் வந்து ஒரே பொய்யைச் சொல்லியிருப்பார். ஆனால் உதவி செய்யப் போகிறேன் என்று அடுத்தவரிடம் சொல்வதும் அந்தத் தெருவில் கூச்சம்தானே.

“கவுண்டரே, நீங்க லுங்கி கட்டுவீங்களா?” என்றார் எஸ்.ஐ., டிவியைக் காட்டி.

கவுண்டர் தொண்டையைச் செருமினார். “எப்பவாச்சும் கட்டுவேனுங்க.”

“பொறந்ததுல இருந்து கட்டுனதில்லை” என்று வேங்கடசாமி முணுமுணுத்தார்.

“சார், நீங்க வாங்க.” எஸ்.ஐ. கோவிந்தராஜுலுவைக் கூப்பிட்டார். “உங்க வண்டிதானே? வெளில நிக்குது. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. நாலு பேரையும் அனுப்பிடறேன்.”

கோவிந்தராஜுலு போனார். வண்டி மேல் ஏறி உட்கார்ந்தார். சாவியையும் திருப்பாமல், ஸ்டாண்டையும் எடுக்காமல் பெடலை மிதித்தார். பின் சக்கரம் காற்றில் சுற்றியது. இன்னும் வேகமாக மிதித்தார். பாராவில் நின்ற போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பங்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் தனக்காக இடுப்பை வளைத்தது இதுதான் முதல் தடவை.

எஸ்.ஐ.க்கும் சிரிப்பு வரவில்லை. “ஒரு தெருவே சேர்ந்து ஒருத்தனை மறைக்குதுன்னா, அவன் சாதாரண ஆள் இல்லை. இனிமே உங்க தெரு வண்டி ஒவ்வொண்ணுக்கும் தனியாக் கணக்கு எடுக்கச் சொல்றேன். நிஜத்தைச் சொல்ற வரைக்கும் நாலு பேரும் இங்கேயே உட்காருங்க.”

உட்கார்ந்தார்கள். மின்விசிறி சுற்றவில்லை. கவுண்டருக்குச் சர்க்கரை வியாதி. சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு பலகாரம் சாப்பிடாமல் வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வேங்கடசாமி ஒரு டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தார். உட்காரச் சொல்லிவிட்டார்கள். கவுண்டர், “எனக்கொண்ணுமில்லை அம்மணி” என்றார். சொல்லும்போதே நாக்கு குழறியது.

பங்காரம்மா எழுந்து மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“எதிர்வீட்டு ரசாக் சார். அவன் அக்காளோட தையல் மிசினு அது. அவன் ஊட்டு முன்னால ரூம்லதான் கெடக்குது, போயிப் பாத்தாத் தெரியும்.”

நாலு பேரையும் அனுப்பிவிட்டார்கள். வெளியே டீக்கடையில் கவுண்டருக்குச் சர்க்கரை போட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அவர்கள் தெருவுக்கு வருவதற்குள் ஜீப் வந்துவிட்டுப் போயிருந்தது. சித்திகா வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பங்காரம்மாவின் ஜாக்கெட், ஒரு கை மட்டும் தைத்தபடி.

ரசாக் மறுநாள் சாயங்காலம் வந்தார். பங்காரம்மா போய் நின்றார். ரசாக் உட்காரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினார்.

“ஒண்ணுமில்லீங்கக்கா. கேட்டாங்க, சொன்னேன். ஞாயித்துக்கெளம ஞாயித்துக்கெளம வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருக்காங்க.”

“உக்காரு ரசாக்கு.”

“பரவாயில்லீங்கக்கா. நிக்கறேன்.”



கவுண்டர் வந்து, “எனக்காகத்தான சொன்னீங்க, மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.

“உங்களுக்காகச் சொல்லலீங்க கவுண்டரே. எனக்குச் சலிச்சுப்போச்சு. சொல்லிப்போட்டேன்.”

பங்காரம்மா சொன்னதில் பாதி நிஜம். எந்தப் பாதி என்று அவருக்கே தெரியாது.

வண்டி திரும்பி வந்தது. அந்த வாரக் கடைசியில் சித்திகா மூட்டை கட்டினார். ரசாக் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “நான் வந்ததுலதான இவ்வளவும். எனக்கு அந்த ரூமே போதும். அங்க போலீஸ் நிக்கறது பழகிப்போச்சு” என்று முடித்துவிட்டார். ரசாக் வண்டிச் சாவியில் கை வைத்தார். பங்காரம்மா தட்டிவிட்டார்.

“நீ தொடாத. நான் ஓட்டறேன்.”

மிசின் தலையைச் சாக்கில் சுற்றாமல், அப்படியே கேரியரில் வைத்துக் கட்டினார்கள். செக்போஸ்ட்டில் வரிசை இருந்தது. பங்காரம்மா தன் முறை வந்ததும் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு இறங்கினார்.

“பாலுசாமி, இங்க வா. இதப் புடி.”

“அக்கா, பின்னால வண்டி நிக்குதுங்க.”

“நிக்கட்டும். கேமராவ மேல தூக்கு. இது தையல் மிசினு. இது என்ற மூஞ்சி. அதோ நடந்து வரா பாரு, அவ சித்திகா, ஜாக்கெட் தைக்கறவ. எல்லாத்தையும் புடிச்சுக்கோ. இன்னொருக்கா வந்து யாரு என்னன்னு எவனும் கேக்கக் கூடாது.”

பாலுசாமி போலீஸ்காரரைப் பார்த்தான். அவர் கையை ஆட்டினார், சீக்கிரம் போகச் சொல்லி. பாலுசாமி கேமராவைத் தூக்கவில்லை. நம்பரை மட்டும்தான் எடுத்தான். பங்காரம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு எத்தனை நடை உண்டோ அத்தனையும் அவரே ஓட்டினார்.

கேமரா ரெண்டு மாசத்தில் போய்விட்டது. பாலுசாமிக்கு வைகாசியில் முகூர்த்தம் வந்துவிட்டதாம். நம்பர் எழுதுவது மட்டும் நிற்கவில்லை. தெருவில் இப்போது யாரும் டிவிஎஸ்ஸை எடுப்பதில்லை. பங்காரம்மா கோபித்துக்கொள்வாரென்று இல்லை. எடுத்துப்போய், அப்புறம் அவரை யாராவது கேள்வி கேட்டால் என்ன ஆவதென்றுதான். மரியாதையாகத்தான் விலகி நிற்கிறார்கள். பங்காரம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறார். காட்டிக்கொடுத்தவள் வண்டியை எவன் தொடுவான் என்று நினைக்கிறார். கவுண்டரின் கடைப் பக்கம் அவர் வருவதில்லை. விசேஷங்களுக்கு வருவதில்லை. ரசாக் வீட்டு வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்கிறார். ரசாக்கின் பிள்ளைகள் “அத்தை” என்று கூப்பிட்டாலும் காதில் விழாத மாதிரி போகிறார்.

ஒன்றே ஒன்று செய்கிறார். தெருவில் வீடு வீடாகப் போய் ஜாக்கெட் துணி கேட்கிறார். கொடுத்தால் பையில் போட்டுக்கொண்டு சித்திகாவிடம் கொண்டுபோகிறார், தைத்ததைக் கொண்டுவந்து கொடுக்கிறார். போகும்போதும் வரும்போதும் நம்பர் எழுதுகிறார்கள். அளவு ஜாக்கெட்டை வைத்துத் தைப்பதால் சிலருக்குக் கக்கத்தில் பிடிக்கிறது. அதற்கும் பங்காரம்மாதான் பேச்சு வாங்குகிறார். இப்போது முழங்கால் வீங்கியிருக்கிறது. வண்டியை ஸ்டாண்டு போட முடியவில்லை, சுவரில் சாய்த்துவைக்கிறார்.

ஆகவே, இதைப் படிக்கிறவர்கள் ஒரு தடவை அவரைப் போய்ப் பாருங்கள். மில் காம்பவுண்டு முடிகிற ஸ்டாப்பில் இறங்கி, மாவு கொடுக்கிற நாயுடம்மா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். காலையில் போகாதீர்கள், கிரைண்டர் சத்தத்தில் எதுவும் கேட்காது. போலீஸ் பேச்சை எடுக்காதீர்கள். எதற்கு வந்தீர்கள் என்று எரிந்து விழுவார், ஜாக்கெட் தைக்கணும் என்று சொல்லுங்கள். துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு வராமல், வாசலில் சாவியோடு நிற்கிற அந்த டிவிஎஸ்ஸையே எடுத்து, அவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு நீங்களே சித்திகா ரூமுக்குப் போங்கள். அளவு நேரில் கொடுத்தால்தான் கழுத்து சரியாக வரும்.